பிறவாதவன் ஊரில் பிறந்தவர்

தாமிரபரணிக் கரை தன் பெரிய கவிகளில் இருவரைப் பேசாப் பிள்ளைகளாகவே நினைவில் வைத்திருக்கிறது. திருக்குருகூரில் காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்த குழந்தை அழவில்லை, பால் குடிக்கவில்லை. பெற்றவர்கள் அதைப் பெருமாள் சந்நிதியில் கொண்டுபோய் விட்டார்கள். அது புளியமரத்தடிக்குப் போய் அமர்ந்து பதினாறு ஆண்டு வாய் திறக்காமல் இருந்தது. வடக்கே அயோத்தியில் இருந்த திருக்கோளூர் மதுரகவி தென்திசையில் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்பற்றி நடந்து வந்து அந்த மரத்தடியில் கேள்வி கேட்டபோதுதான் முதல் சொல் வந்தது. நம்மாழ்வார் பேசத் தொடங்கிய இடம் என்று அந்தப் புளியமரத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

ஆற்றில் கொஞ்சம் மேலே போனால் ஸ்ரீவைகுண்டம். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை ஊமையாக இருந்தார் என்றும், பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் கிடந்து வேண்டியபின் பேச்சோடு பாட்டும் சேர்ந்தே வந்தது என்றும் சொல்வார்கள்.

இந்தக் கரையில் வளர்ந்தவன் லூக்கா சுவிசேஷத்தைத் திறந்தால், அது தொடங்கும் விதம் அவனுக்கு அந்நியமாக இராது. அங்கும் ஒரு கோயில், ஒரு வயதான குருக்கள், பிள்ளையில்லாத மனைவி. தூபம் காட்டப்போன சகரியா தேவதூதன் சொன்னதை நம்பாமல் பேச்சிழந்து வெளியே வருகிறார். எலிசபெத்து பிள்ளை பெற்று எட்டாம் நாள் பெயர் வைக்கும்போது, உறவினர்கள் தகப்பனிடம் சைகையால் கேட்கிறார்கள். சைகை ஏன்? வாய் மட்டும் கட்டியிருந்தால் காது கேட்டிருக்குமே. காதும் போய்விட்டதென்றே பல உரைகாரர்கள் கொள்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியின் பிள்ளைகளுக்கு இந்த இடம் நம்மைவிட நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன். சகரியா பலகை வாங்கி எழுதிக் காட்டுகிறார். எழுதி முடித்த பிறகே நாவு திறக்கிறது.

மேலப்பாளையத்தில் ஓதப்படும் குர்ஆனின் மர்யம் அத்தியாயத்திலும் ஸக்கரிய்யா மூன்று இரவு பேசாமல் இருக்கிறார். அதே அத்தியாயத்தில், பேரீச்ச மரத்தடியில் தன்னந்தனியாகப் பிரசவ வேதனைப்பட்ட மர்யம், ஊருக்குள் வரும்போது இன்று எந்த மனிதரோடும் பேசுவதில்லை என்ற நோன்போடு வருகிறார். ஊர் பழி சொல்கிறது. அவர் கைகாட்ட, தொட்டில் பிள்ளை பேசுகிறது.

இவற்றுக்குள் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று ஆராய எனக்கு ஆசையில்லை. ஒரு பெரிய வார்த்தையைக் கேட்டவர்கள் அது வருவதற்கு முன்பிருந்த அமைதியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. அது இவை எல்லாவற்றுக்கும் பொது. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களைக் கேட்டவர்கள்தாம், இப்படிப் பாடியவர் குழந்தையாக எப்படி இருந்திருப்பார் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது புளியமரத்தடி மௌனம். புனிதப் பிறப்புக் கதை பின்னாலிருந்து முன்னால் போவது.

கிறிஸ்தவத்திலும் அதுவே நடந்தது. நான்கு சுவிசேஷங்களில் முதலில் எழுதப்பட்டதாக அறிஞர்கள் பெரும்பாலோர் கொள்ளும் மாற்கில் பிறப்புக் கதையே இல்லை. இயேசு வளர்ந்த ஆளாக யோர்தான் கரையில் வந்து நிற்கிறார். அதற்கும் முன்னால் எழுதிய பவுல், கலாத்தியருக்கான நிருபத்தில் அவர் ஒரு பெண்ணிடம் பிறந்தார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார், தாயின் பெயர்கூட இல்லை. மத்தேயுவும் லூக்காவும்தான் பெத்லகேமுக்குப் போகிறார்கள். அதுவும் ஒரே வழியில் இல்லை. மத்தேயுவில் சாஸ்திரிகள், ஏரோது, எகிப்து. லூக்காவில் குடிமதிப்பு, மேய்ப்பர்கள், தேவாலயம். கத்தோலிக்க அறிஞர் ரேமண்ட் பிரௌன் 1977-இல் இந்த இரு பிறப்புக் கதைகளும் அடங்கிய நான்கு அதிகாரங்களுக்காக ஒரு பெரிய நூலே எழுதினார். உயிர்த்தெழுதலில் சீடர்கள் கண்டுகொண்ட உண்மையைத் திருச்சபை படிப்படியாக ஞானஸ்நானத்துக்கும், அங்கிருந்து தாயின் கர்ப்பத்துக்கும் கொண்டுசென்றது என்பது அவர் சொன்னதன் சாரம்.

இது நம் விசுவாசத்தைக் கெடுக்குமா? கெடுக்கும் என்று பயந்தவர்களும் கெடுக்க வேண்டும் என்று விரும்பியவர்களும் உண்டு. 1835-இல் ஜெர்மனியில் டேவிட் ஸ்ட்ராஸ் என்ற இளைஞர், இந்தக் கதைகள் வரலாறு அல்ல, முதல் விசுவாசிகளின் எதிர்பார்ப்பு நெய்த புராணம் என்று எழுதி ஐரோப்பாவைக் கலக்கினார். அதே ஆண்டு பாளையங்கோட்டையில் இன்னொரு ஜெர்மானியர், ரேனியஸ், தன்னை அனுப்பிய மிஷன் சங்கத்தோடு முறிந்து நின்றார். அவருடைய கவலை வேறு: கிராமம் கிராமமாகச் சபைக்கு வந்துகொண்டிருந்த மக்கள். இரண்டு ஆண்டு முன்னால், 1833-இல், திருச்செந்தூர்க் கடலுக்குள் போன நோயாளி முத்துக்குட்டி வைகுண்டராகப் பிறந்து கரையேறினார் என்று தெற்கே ஒரு பெருங்கூட்டம் நம்பத் தொடங்கியிருந்தது. ஐரோப்பா பிறப்புக் கதைகளை அவிழ்த்துக்கொண்டிருந்த அந்த மூன்றாண்டுகளில், இங்கே தாழ்த்தப்பட்டிருந்த மக்கள் புதிதாய்ப் பிறக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஸ்ட்ராஸ் மீது மரியாதை உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்வி இங்கே பெரிய கேள்வியாக இருக்கவில்லை.

இங்கே பெரிய கேள்வியைக் கேட்டது சைவம். திருநெல்வேலி நெல்லையப்பரின் ஊர். அவர் மூங்கில் காட்டில் தானாக வெளிப்பட்டவர் என்கிறது தலபுராணம். சிவனுக்குக் கருவாசம் இல்லை. கன்மம் உள்ள உயிர் அந்தக் கன்மத்தைத் தீர்க்கப் பிறக்கிறது. கன்மம் இல்லாதவன் எதற்குப் பிறக்க வேண்டும்? பத்து மாதம் வயிற்றில் கிடந்தவனை, பசித்து அழுதவனை, கடவுள் என்று எப்படிக் கும்பிடுவது? 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் வாதப் பிரதிவாதங்களில் சைவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டது இது. உபதேசிமார் இதை அறியாமை என்று தள்ளியிருக்கலாம். அது அறியாமை இல்லை, மிகவும் கட்டுக்கோப்பான ஒரு இறையியல்.

வைணவத்தின் பக்கம் வழி எளிது. கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு, பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் பாடியவருக்கு, இறைவன் இறங்கி வருவது குழந்தையிலிருந்தே கேட்ட செய்தி. 1891-இல் பாளையங்கோட்டையில் பிறந்து பின்னர் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, ஆழ்வார் நாயன்மார் பக்தியின் ஒளியில் யோவான் சுவிசேஷத்தைப் படித்தார். கிறிஸ்துவை அவதாரம் என்று சொல்லத் தயங்கவில்லை. ஆனால் ஒரே அவதாரம், மறுபடி நிகழாதது என்றார். அவருடைய வழியில் எனக்கு நிறைய வெளிச்சம் கிடைத்திருக்கிறது. இருந்தும், பிறப்புக் கதையை ஆழமாகப் புரியவைப்பது சைவரின் மறுப்புத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் ஆதித் திருச்சபை இதே மறுப்பைத் தன் வீட்டுக்குள்ளேயே சந்தித்தது. 2-ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் லூக்காவை மட்டும் ஏற்றுக்கொண்டு, அதன் முதல் இரண்டு அதிகாரங்களும் இல்லாத ஒரு சுவிசேஷத்தை வைத்திருந்தார். அவருடைய இயேசு நேரே கப்பர்நகூமில் இறங்குகிறார். கர்ப்பம் இல்லை, தொப்புள்கொடி இல்லை, துணியில் சுற்றுவது இல்லை. தெர்த்துல்லியன் அவருக்குப் பதில் எழுதியபோது பிரசவத்தின் இரத்தத்தையும் அழுக்கையும் ஒன்று விடாமல் விவரித்தார். நீ வெறுக்கிற இதைத்தான் அவர் நேசித்தார் என்பது அவர் வாதம். நெல்லைச் சைவர் கேட்டதும் மார்சியோன் வெட்டியதும் ஒரே இடம். கடவுள் பிறந்தார் என்பது உண்மையிலேயே திகைக்க வைக்கும் ஒரு கூற்று. ஸ்டார் தொங்கவிட்டு, சீரியல் பல்பு கட்டி, நாம் அந்தத் திகைப்பை மறந்துவிட்டோம். நெல்லையப்பர் கோயில் தெருவில் நடக்கும்போது எனக்கு அது திரும்பி வருகிறது.

தமிழ் இந்தத் திகைப்போடு வாழ ஒரு வழி கண்டிருந்தது. பிறவாத சிவனுக்குப் பிள்ளைத்தமிழ் பாடும் வழக்கமில்லை. ஆனால் மீனாட்சிக்குப் பாடலாம், முருகனுக்குப் பாடலாம். பேசாதிருந்த குமரகுருபரரே இரண்டும் பாடினார். கவிஞர் தாயாகிவிடுகிறார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பருவம் பருவமாகத் தெய்வத்தை வளர்க்கிறார். இஸ்லாமியப் புலவர்களும் கிறிஸ்தவப் புலவர்களும் இந்த வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். இப்பகுதியின் எட்டயபுரத்து உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் முதல் காண்டத்தில் நபியின் பிறப்பைப் பாடினார். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1726-இல் முடித்த தேம்பாவணியில் யோசேப்பைக் காப்பியத் தலைவனாக்கி, பெத்லகேம் வழியெல்லாம் தமிழ் நிலத்தை விரித்தார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குற்றாலத்துக் குறத்தி சொன்ன குறியை இவருடைய ஞானச்சிங்கி பெத்லகேமின் ராஜாவைப் பற்றிச் சொல்கிறாள். மேய்ப்பர்களிடம் முதலில் சொல்லப்பட்ட செய்தியைச் சொல்ல ஒரு குறத்தியின் வாய் பொருத்தமென்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சபையில் சாதி ஆசாரத்தை விடாதவர் அவர் என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

சாதிக்கு வருவோம். பிறப்பு என்பதற்கு இந்த மண்ணில் முதல் பொருள் அதுதானே. யார் வயிற்றில் பிறந்தாய் என்பது எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம், எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பதைத் தீர்மானித்தது. அப்படிப் பிறப்பாலேயே கீழே வைக்கப்பட்ட மக்களிடம், கடவுள் ஒரு தச்சன் வீட்டில், மாட்டுத் தீவனத் தொட்டியில் பிறந்தார் என்ற செய்தி வந்தது. 1799-இல் சீர்திருத்தச் சபையின் முதல் கிறிஸ்தவக் குடியேற்றமாக முதலூர் எழுந்தது. பின் ஊர் ஊராகப் பெயர் மாறியது. நன்மை எதுவும் வராது என்று நாத்தான்வேல் சொன்ன நாசரேத்தின் பெயரையே ஓர் ஊர் எடுத்துக்கொண்டது. தேரி மணலில் பனையேறிப் பிழைத்தவர்களுக்கு அந்தப் பெயர் எதற்குப் பிடித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் சபை பிறப்பை விட்டுவிடவில்லை. வடக்கன்குளத்தில், 1745-இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு கைகளாகப் பிரிந்த ஒரு கோயில் கட்டினார்கள். ஒரு கையில் வேளாளர், மறு கையில் நாடார். பீடம் மட்டும் பொது. இரண்டு பக்கமும் ஒரே பாலன் சுரூபத்தை முத்தமிட்டிருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். பிரித்த சுவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபைகளில் அப்படிச் சுவர் எழுப்பவில்லை என்று பெருமைப்படுகிறவர்கள் கல்யாணப் பேச்சு எப்படி நடக்கிறது என்று பார்க்கட்டும். ஓலை வாசிக்கும்போது மணமக்கள் பெயர் மட்டும்தான் கேட்கும், அதற்கு முன் விசாரித்ததெல்லாம் கேட்காது. அரசோ இதைத் தலைகீழாகச் செய்கிறது. 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணையின்படி, கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார். தலித் கிறிஸ்தவரை ஊரும் சபையும் பிறப்பால் அளக்கின்றன, ஆணை அவர் பிறப்பை எண்ண மறுக்கிறது. தொட்டியில் கிடந்த பிள்ளையைப் பற்றிப் பேச இந்த மனிதரைவிட உரிமை உள்ளவர் யார்?

மத்தேயு தன் சுவிசேஷத்தை ஒரு வம்ச வரலாற்றோடு தொடங்குகிறார். யார் யாரைப் பெற்றார் என்று நீளும் அந்தப் பட்டியலைச் சபையில் வாசிக்கும்போது தூக்கம் வரும். ஆனால் ஆண்கள் வரிசையில் நான்கு பெண்களை அவர் செருகியிருக்கிறார். மாமனாரிடம் பிள்ளை பெற்ற தாமார், எரிகோவின் வேசி ராகாப், மோவாபியப் பெண் ரூத், தாவீது அபகரித்த உரியாவின் மனைவி. சாதி சுத்தம் காட்டுவதற்காக வைத்திருக்கும் வம்சாவளியில் யாரும் இவர்களைச் சேர்க்கமாட்டார்கள். மத்தேயு சேர்த்தார். ஐந்தாவதாக மரியாளைச் சொல்லும்போது, யோசேப்போடு கூடிவருமுன்னே அவள் கர்ப்பவதி என்கிறார்.

கன்னிப் பிறப்பை விசுவாசப் பிரமாணத்தில் நான் முழு மனதோடு அறிக்கையிடுகிறேன். எனக்கு அது கருத்தரித்தல் பற்றிய மருத்துவச் சான்று அன்று. எந்த ஆணின் வம்சமும், எந்தக் குலப் பெருமையும் இந்தப் பிள்ளையைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாட முடியாது என்ற அறிவிப்பு. அதைப் பெண்களின் கற்பை அளக்கும் கோலாக நாம் மாற்றியது பெரிய அநியாயம். கதைக்குள் மரியாள் நின்றது அளக்கப்படும் பக்கம். அவளை இரகசியமாகத் தள்ளிவிடலாமா என்று ஒரு நல்ல மனிதரே யோசித்தார். சாதி கடந்து காதலித்ததற்காக உயிர் பறிபோகும் செய்தி இன்னும் நின்றபாடில்லாத மாவட்டம் இது. இங்கே மரியாளின் கதையைச் சொல்கிறவர் எந்தப் பக்கம் நின்று சொல்கிறார் என்பது முக்கியம்.

ஆங்கிலிகன் மரபில் வந்த நம் மாலை ஆராதனையில் மரியாளின் பாட்டு உண்டு. பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுகிறார்கள், பசித்தவர்கள் நிரம்புகிறார்கள், ஐசுவரியவான்கள் வெறுங்கையாய்ப் போகிறார்கள் என்ற பொருளில் ஒரு நாட்டுப்புறப் பெண் பாடியது. நம் சபைகள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக ராகம் மாறாமல் பாடி வருகின்றன. பண்ணையார்களும் பாடினார்கள், பண்ணையில் வேலை செய்தவர்களும் பாடினார்கள். பழக்கம் அதன் கூர்மையை எடுத்துவிட்டது என்று வருந்துகிறேன். இருந்தாலும் பாடாமல் விட்டுவிடவில்லை என்பதில் ஒரு ஆறுதல்.

அந்தப் பாட்டுக்கு மூலம் அன்னாளின் பாட்டு, பிள்ளையில்லாமல் அழுது பெற்றவளுடையது. எலிசபெத்தும் அப்படியே. டிசம்பர் வந்தால் இந்த இருவரின் கதையும் பிரசங்கத்தில் வரும், கேட்டால் கிடைக்கும் என்று முடியும். அதே பெஞ்சில், பல வருடம் கேட்டும் கிடைக்காத பெண் உட்கார்ந்திருப்பாள். ஊர் அவளை அழைக்கும் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. அவளுக்கு இந்தக் கதை என்ன சொல்கிறது என்று பிரசங்கிமார் யோசிக்க வேண்டும். நெல்லைச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்காமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் சுமை இறக்கிவைக்க நட்ட கற்கள். அப்படி இறந்தவள் இசக்கியாக நிற்பாள் என்ற நம்பிக்கையும் உண்டு. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நிறைமாதக் கர்ப்பிணி பயணப்பட்ட கதையை அந்தக் கற்களின் பக்கத்தில் வைத்துச் சொன்னால்தான் அதில் எவ்வளவு ஆபத்து இருந்தது என்பது புரியும்.

1901-இல் கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அதிலிருந்து டோனாவூரில் பச்சைக் குழந்தைகளுக்கான இல்லம் வளர்ந்தது. யாரும் பிறப்பைக் கொண்டாடாத பெண் குழந்தைகள் அவர்கள். பெத்லகேமைப் பற்றி இந்த மாவட்டத்தில் எழுதப்பட்ட விரிவுரைகளில் சிறந்தது அந்தத் தொட்டில் வரிசை என்பேன், அந்த அம்மையாரின் எல்லாக் கருத்துகளோடும் ஒத்துப்போகாவிட்டாலும்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போடும் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் தலையில் துண்டு கட்டிய மேய்ப்பர்கள் வருவார்கள், ஜிகினாக் கிரீடம் வைத்த சாஸ்திரிகள் வருவார்கள், ஏரோதும் வந்து மீசை முறுக்கிச் சத்தம் போடுவான். அவன் செய்ததைக் காட்டுமுன் திரை விழுந்துவிடும். மத்தேயு திரை போடவில்லை. பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகள் கொல்லப்படுகிறார்கள், ராகேல் ஆறுதலை ஏற்க மறுத்து அழுகிறாள். பரிசுத்த குடும்பம் தப்பியதைச் சொன்னவர், தப்பாதவர்களைச் சொல்லாமல் விட மறுத்துவிட்டார். சபை நாட்காட்டி டிசம்பர் 28-ஐ அந்தக் குழந்தைகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. கிறிஸ்துமஸ் அசதியில் அன்று கோயிலுக்கு வருகிறவர்கள் குறைவு.

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்ற ஊர்வலத்தைப் போலீஸ் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்தது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்று இரண்டு வயதையும் தாண்டாத குழந்தை. ஆர். ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளைப் பதிவு செய்திருக்கிறது. அது நடந்த கொக்கிரகுளம் பாலத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் எத்தனை கோயில்கள் இருக்கின்றன. டிசம்பர் 28 ஆராதனையில், பெத்லகேம் பிள்ளைகளுக்கான ஜெபத்தோடு அந்தப் பதினேழு பேரின் பெயர்களையும் வாசிக்க வேண்டும் என்று ஆயர்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். நெல்லையில் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை வாசிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.